தோற்றவர்க்கும் ஒரு வாய்ப்பு

வாவிக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கி நீண்டு கிடக்கும் எமது பெரியகல்லாற்றுப் பகுதியில் நிலம் குறைவு. விளையாட்டு ஆர்வம் குறைவன்று. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் விளையாட்டுக் கழகங்கள் மென்பந்துக் கிரிக்கெட் சுற்றுப்போட்டி வைப்பதும், எழுவான்கரையின் மற்றை ஊர்களிலிருந்தும் வாவிக்கு அப்பாலுள்ள படுவான்கரையிலிருந்தும் அணிகள் வந்து சேர்வதும் இங்கு வழமை. இவற்றிற் பெரும்பாலானவை விலகல் முறையிலேயே நடைபெறுகின்றன. வென்ற அணி அடுத்த சுற்றுக்குச் செல்லும். தோற்ற அணி வீட்டுக்குச் செல்லும். வெல்லாவெளிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து பதினொரு இளைஞர்கள் நுழைவுக் கட்டணத்தைத் தம்முள் சேர்த்து, ‘பட்டா’ ஒன்றை வாடகைக்கு அமர்த்தி, விடியுமுன் புறப்பட்டு வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலாவது ஆட்டம் காலை எட்டு மணிக்கு. ஒன்பதரை மணிக்கு அவர்களுடைய அந்த ஆண்டுக் கிரிக்கெட் முடிந்துவிடுகிறது. அவர்களுள் நல்ல பந்துவீச்சாளன் ஒருவன் இருந்திருந்தால், அவன் வீசிய பன்னிரண்டு பந்துகளைக் கொண்டே உலகம் அவனை மதிப்பிட்டாக வேண்டும். உலகம் அவ்வளவு கூர்மையான கண்ணுடையதன்று.

இந்த விடயத்தை நாம் ஆழ்ந்து எண்ணத் தலைப்பட்டது, 2025ஆம் ஆண்டு ஆனி மாதத்தை ஒட்டி நடந்தேறிய தமிழ்நாடு பிரீமியர் லீக் தொடரைப் பார்த்த பின்னராகும். அத்தொடரின் முடிவில் ஒரு விசித்திரம் நிகழ்ந்தது. அதனைச் சொல்லுமுன், இத்தகைய சிறு லீக்குகள் எதற்காக ஏற்பட்டன என்பதைச் சிறிது விளக்குதல் வேண்டும்.

இவ்வகைச் சிறு லீக்குகளை நிறுவனமாக வளர்த்தெடுத்தோர் அமெரிக்கர். அவர்கள் உயிராய்ப் போற்றும் அடிபந்தாட்டம், அதாவது ‘பேஸ்போல்’, எமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. தடியால் பந்தை அடித்துவிட்டு நிலைகளைச் சுற்றி ஓடி வரும் ‘எல்லே’யைப் பாடசாலை மைதானத்தில் ஆடியவர்கள், அதனை எல்லேயின் தூரத்து உறவினன் என்று கண்டுகொள்வர். அந்நாட்டில் பெரு லீக்கில் ஆடும் கழகங்கள் 30. ஆனால் ஒவ்வொரு பெருங்கழகத்தின் கீழும் படிப்படியாகச் சிறு கழகங்கள் உள்ளன. 2021ஆம் ஆண்டின் சீரமைப்புக்குப் பின்னர் அவை நான்கு படிகளாக, மொத்தம் 120 கழகங்களாக வகுக்கப்பட்டன. சென்ற நூற்றாண்டின் இருபதுகளில் சென் லூயிஸ் நகரத்துக் கழகத்தை நடத்திய பிராஞ்ச் ரிக்கி என்பவரே இதனை ஒரு முறையாக அமைத்தவர். பணக்காரக் கழகங்களைப் போல் வீரர்களை விலை கொடுத்து வாங்க அவரிடம் பணம் இல்லை. ஆகவே வளர்த்தெடுப்போம் என்று துணிந்தார். இதற்கு அமெரிக்கர் இட்ட பெயரே ‘பண்ணை முறை’ என்பதாகும். வேளாண்மையில் உயிர்வாழும் எமது மாவட்டத்தவர்க்கு இப்பெயரை விளக்க வேண்டியதில்லை.

பெரிய நகரங்களின் ஆரவாரம் எட்டாத சிறு நகரங்களில், சில ஆயிரம் பேர் கூடும் அரங்குகளில், வசந்தத்தில் தொடங்கி இலையுதிர்காலம் வரை இவ்வாட்டங்கள் நடைபெறும். சம்பளம் சொற்பம், பேருந்துப் பயணம் அதிகம். இவற்றில் ஆடுவோருள் மிகச் சிலரே பெரு லீக்கை எட்டுவர். எனினும் அங்கே ஒருவன் ஒரு நாள் தோற்றால் மறுநாளும் ஆடலாம். இந்த மாதம் தடுமாறினால் அடுத்த மாதம் திருத்திக்கொள்ளலாம்.

பந்தையே காணாத இருவர் இந்தப் படியில் ஏறிப் பார்த்த கதையும் உண்டு. 2008ஆம் ஆண்டில் இந்தியாவில் வேகமாகப் பந்து எறிவோரைத் தேடும் போட்டி ஒன்று நடத்தப்பட்டது. 37,000க்கும் மேற்பட்டோர் எறிந்து பார்த்த அப்போட்டியில் முன்னணியில் வந்த ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் ஆகிய இருவரும் உத்தரப் பிரதேசத்துக் கிராமத்துப் பிள்ளைகள். ஈட்டி எறிந்து பழகியவர்கள். அவ்வாண்டு கார்த்திகையிலேயே பிட்ஸ்பேர்க் கழகம் அவர்களை ஒப்பந்தம் செய்தது. 2009 யூலை 13ஆம் நாள், அமெரிக்கத் தொழில்முறை அடிபந்தாட்டத்தில் வெற்றியைத் தம் கணக்கில் எழுதிய முதல் இந்தியர் என்ற பெயரை ரிங்கு சிங் பெற்றார். பட்டேல் 2010இன் இறுதியில் விடுவிக்கப்பட்டார். ரிங்கு சிங் ஓரிரு படிகள் ஏறினார்; பின்னர் முழங்கையின் காயம் குறுக்கிட்டது. 2018இல் அவர் தொழில்முறை மல்யுத்தத்துக்குச் சென்றுவிட்டார். பெரு லீக்கை இருவரும் தொடவில்லை. ஆயினும் ஈட்டிக்காரர் இருவர் இரண்டு பருவங்களேனும் தம்மைச் சோதித்துப் பார்க்க இடம் கிடைத்ததே, அதுதான் எமக்கு வியப்பு. விலகல் முறையில் அவர்கள் முதல் நாளே ஊர் திரும்பியிருப்பார்கள்.

இனித் தமிழ்நாட்டுக்கு வருவோம். தமிழ்நாட்டுக் கிரிக்கெட் சங்கம் இந்தத் தொடரை 2016இல் தொடங்கிற்று. சென்னை சூப்பர் கிங்ஸ் அணி இடைநிறுத்தப்பட்டு, சென்னை இரசிகர் ஈராண்டு சோர்ந்திருந்த காலம் அது. அந்தச் சோர்வுக்கு மருந்தாக வந்ததோ, வேறு காரணத்தால் வந்ததோ, வந்தது நன்மையாயிற்று. சேப்பாக்கம், திண்டுக்கல், திருச்சி, மதுரை, கோவை, சேலம், நெல்லை, திருப்பூர் என எட்டு அணிகள். (திருப்பூர் அணி முன்னர் காரைக்குடியின் பெயரில் ஆடியது, கழகங்கள் ஊர் மாறுவது அமெரிக்கச் சிறு லீக்கிலும் சாதாரணம். ஊர் மாறும்போது பழைய ஊர்க்காரர் படும் மனத்தாங்கலும் அங்குள்ளதேதான்.) 2025இன் ஆட்டங்கள் கோயம்புத்தூர், சேலம், திருநெல்வேலி, திண்டுக்கல் ஆகிய நான்கு இடங்களில் நடைபெற்றன, சென்னையில் ஒன்றும் இல்லை. திண்டுக்கல்லுக்கு அப்பால் நத்தம் பக்கத்திலுள்ள கல்லூரி மைதானத்திலே இறுதியாட்டம் நடந்தது என்பதை நாம் ஒரு நற்குறியாகவே கொள்கிறோம்.

எட்டு அணிகளும் ஒன்றோடொன்று ஒரு முறை மோத வேண்டும். ஆகவே முதற் கட்டத்தில் 28 ஆட்டங்கள். ஒவ்வோர் அணிக்கும் ஏழு. இந்த ஏழிலும் வென்று, ஒரு தோல்வியும் காணாது, பட்டியலின் தலையில் அமர்ந்தது பாபா அபராஜித் தலைமையிலான சேப்பாக் சூப்பர் கில்லீஸ். 2017, 2019, 2021 ஆகிய ஆண்டுகளில் தனித்தும், மழையால் இறுதியாட்டம் குழம்பிய 2022இல் கோவையோடு பகிர்ந்தும் கிண்ணம் பெற்ற அணி அது. இரண்டாம் இடத்தைத் திருப்பூர் தமிழன்ஸ் பெற்றது. அடுத்த இரு இடங்களும் திருச்சிக்கும், முந்திய ஆண்டின் வெற்றியாளரான திண்டுக்கல் டிராகன்ஸுக்கும் கிடைத்தன. மற்றை நான்கு அணிகளும் அத்துடன் விடைபெற்றன. முந்திய ஆண்டு இறுதிவரை வந்திருந்த கோவையும் அவற்றுள் ஒன்று.

இந்நான்கு அணிகளுக்குமிடையே கிண்ணத்துக்காக நடக்கும் ஆட்டங்களின் ஒழுங்கிலேதான் நாம் சொல்ல வந்த நுட்பம் உள்ளது. முதலாம் அணியும் இரண்டாம் அணியும் ஆடும், வென்றது நேரே இறுதியாட்டத்துக்குப் போகும், தோற்றதோ வெளியேறாது. மூன்றாம் அணியும் நான்காம் அணியும் ஆடும். அதில் தோற்றவர்க்கு வழியில்லை. அதில் வென்ற அணி, முன்னைய ஆட்டத்தில் தோற்று நிற்கும் அணியோடு மோதும். அதன் வெற்றியாளரே இறுதியாட்டத்தின் மறுபக்கத்து அணி. அதாவது, முதற் கட்டத்தில் நன்றாக ஆடி முதலிரு இடங்களைப் பிடித்தவர்க்கு மாத்திரம் ஒரு தோல்வி மன்னிக்கப்படுகிறது. உழைப்புக்குக் கொடுக்கப்படும் கூலி அந்த மறுவாய்ப்பே.

இது தமிழ்நாட்டார் கண்டதன்று. அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்து உதைபந்தாட்டக் கழகங்கள் 1931இல் இதனைக் கைக்கொண்டன. பேர்சி பேஜ் என்பாரின் பெயரைத் தாங்கி வழங்கும் இம்முறை அங்கே 1971 வரை நின்றது. ஐ.பி.எல். தொடர் 2011இல் இதனை எடுத்துக்கொண்ட பிறகே எமது பிள்ளைகள் இதனை அறிந்தனர். மறுவாய்ப்பு என்ற எண்ணம் எமது மண்ணுக்குப் புதிதென்று சொல்லவும் மாட்டோம். கண்ணகியம்மன் வழிபாட்டோடு ஒட்டிய கொம்புமுறியில் வடசேரியாரும் தென்சேரியாரும் கொம்புகளைப் பூட்டி இழுக்கையில், ஒரு கொம்பு முறிந்த மாத்திரத்தில் ஊரார் கலைந்துவிடுவதில்லை.

2025இன் கதைக்குத் திரும்புவோம். முதலாம் தகுதியாட்டத்தில், தோல்வியறியாத சேப்பாக் அணியைத் திருப்பூர் 79 ஓட்டங்களால் வீழ்த்தியது. வேறு முறையாயிருந்தால் ஏழு வெற்றிகளும் அன்றிரவே மண்ணாகியிருக்கும். பேஜ் முறை அவர்களுக்கு மறுவாய்ப்புக் கொடுத்தது. மறுபுறத்தில் திண்டுக்கல் அணி திருச்சியை எதிர்த்தது. இந்தியாவுக்காக நூற்றுக்கு மேற்பட்ட டெஸ்ட் போட்டிகளில் ஆடி, 500க்கு மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்திய இரவிச்சந்திரன் அஸ்வின் அதன் தலைவர். அன்று அவர் மூன்று விக்கெட்டுகளை எடுத்ததோடு நில்லாது, தொடக்கத் துடுப்பாட்டக்காரராகவும் இறங்கி 48 பந்துகளில் 83 ஓட்டங்களைக் குவித்தார். முப்பத்தெட்டு வயதில், சர்வதேச ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்ற பின்னர், இருபது வயதுப் பிள்ளைகளோடு கல்லூரி மைதானத்தில் அவர் இப்படி ஆடியதைக் கண்டு நாம் மகிழ்ந்தோம். பெரியவர் ஒருவர் சிறு லீக்கில் ஆடுவதால் அவர் சிறுத்துவிடுவதில்லை; அவருக்கு எதிரே பந்துவீசும் பையனோ வளர்ந்துவிடுகிறான்.

இரண்டாம் தகுதியாட்டத்தில் சேப்பாக்கும் திண்டுக்கல்லும் சந்தித்தன. ஆட்டம் சேப்பாக்கின் கைக்குள் இருப்பது போலவே தோன்றிற்று. அந்த வேளையில் திண்டுக்கல்லின் விமல் குமார் ஒரே ஓவரில் 34 ஓட்டங்களை அடித்தார். அவ்வளவுதான். ஏழு ஆட்டங்களில் ஏழு வெற்றி. அடுத்த இரண்டில் இரண்டு தோல்வி. தாம் முதற் கட்டத்தில் வென்றிருந்த இரு அணிகளாலேயே வெளியேற்றப்பட்டனர் சேப்பாக்கத்தார்.

யூலை 6ஆம் நாள் நடந்த இறுதியாட்டம் ஆட்டமென்ற அளவில் இரசமற்றது. அதனை விரைந்து கடந்துவிடலாம். சாய் கிஷோர் தலைமையிலான திருப்பூர் 220 ஓட்டங்களை எடுத்தது. துஷார் ரஹேஜா 77, அமித் சாத்விக் 65. திண்டுக்கல் 102 ஓட்டங்களில் சுருண்டது. திருப்பூருக்கு இதுவே முதலாவது கிண்ணம்.

தோல்வியே காணாத அணிக்குக் கிண்ணம் இல்லையென்பது அநீதியன்றோ என்று எமது மாணவர் சிலர் வாதாடினர். கிண்ணம் ஆண்டு முழுவதுக்குமான பரிசு என்றால் அவர்கள் சொல்வது சரியே. ஆனால் எமது கருத்து வேறு. சேப்பாக் அணிக்குக் கொடுக்க வேண்டியதை அம்முறை கொடுத்தே இருந்தது. ஒரு முறை விழுந்தும் எழுந்து வர வாசல் திறந்திருந்தது, அவர்கள் எழவில்லை. மறுவாய்ப்பைத் தருவது முறையின் கடமை. மூன்றாவது வாய்ப்பையும் கேட்பது பேராசை. உண்மையான அநீதியைக் காண வேண்டுமாயின் முதலாட்டத்தில் தோற்று ஒன்பதரை மணிக்குப் பட்டாவில் ஏறும் பையன்களின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

கிண்ணத்தைக் காட்டிலும் இத்தகைய தொடரின் பெரும்பயன், அதில் ஆடிய தனி மனிதருக்கு நேர்வதாகும். சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த நடராஜன் வறிய குடும்பத்தின் பிள்ளை. முதற்தரக் கிரிக்கெட்டில் காலடி வைத்ததும் அவருடைய பந்துவீச்சு முறையில் ஐயம் எழுப்பப்பட்டது. பலருக்கு அதுவே முடிவாகியிருக்கும். அவர் கையைத் திருத்திக்கொண்டு 2016இல் திண்டுக்கல் அணிக்காக இந்த லீக்கில் பந்து வீசினார். அடுத்த ஆண்டு ஐ.பி.எல். ஏலத்தில் அவரை மூன்று கோடி ரூபாய்க்கு எடுத்தார்கள். 2020ஆம் ஆண்டு மார்கழியிலும் 2021 தையிலுமாக, ஒரே அவுஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தில் மூவகைச் சர்வதேசப் போட்டிகளிலும் அறிமுகமானார்.

வருண் சக்கரவர்த்தியின் கதை இதனினும் சுவையானது. பாடசாலையில் விக்கெட் காப்பாளராயிருந்தவர், பதினேழு வயதில் கிரிக்கெட்டைக் கைவிட்டுக் கட்டடக் கலை பயின்று அத்தொழிலையும் பார்த்தார். இருபத்தைந்து வயதளவில் மீண்டும் மைதானத்துக்கு வந்து வேகப்பந்து வீசினார், முழங்காலில் காயம். சுழற்பந்துக்கு மாறினார். 2018இல் மதுரை பாந்தர்ஸ் முதன்முறையாகக் கிண்ணம் வென்றபோது அவர் வீசிய 240 பந்துகளில் 125 பந்துகளுக்கு ஓட்டமே இல்லை. அந்த ஆண்டு முடியுமுன் ஏலத்தில் அவருடைய விலை 8 கோடி 40 இலட்சம். 2025இன் சாம்பியன்ஸ் கிண்ணத்தில் நியூசிலாந்தின் ஐந்து விக்கெட்டுகளை ஒரே ஆட்டத்தில் வீழ்த்தியவரும் அவரே. பதினேழு வயதில் ‘இவன் முடிந்துபோனான்’ என்று கருதப்பட்டவருக்கு இருபத்தாறு வயதில் ஆட ஓர் இடம் இருந்தது. இல்லாதிருந்தால் தமிழ்நாட்டுக்கு இன்னும் சில நல்ல வீடுகள் கிடைத்திருக்கும் என்பது உண்மையே.

சாய் சுதர்சனைப் பற்றியும் ஒரு சொல். 2021இல் கோவைக்காக ஆடிய முதலாட்டத்திலேயே 43 பந்துகளில் 87 ஓட்டங்களை எடுத்துக் கண்ணிற்பட்டவர் அவர். 2025 யூன் 20ஆம் நாள் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் அவர் டெஸ்ட் அறிமுகம் பெற்றபோது, அவரை வளர்த்த சிறு லீக்கின் பருவம் தமிழ்நாட்டில் பாதி வழியில் நின்றது.

எமது தீவின் நிலையென்ன? லங்கா பிரீமியர் லீக் 2020இல் தொடங்கிற்று. 2024 வரை நடந்த ஐந்து பருவங்களில் நான்கில் யாழ்ப்பாணத்தின் பெயர் தாங்கிய அணியே வென்றது. அவ்வணியில் வெளிநாட்டாரும் தென்னிலங்கையாருமே மிகுதி என்று குறை கூறுவோர் உளர், அது மெய்யுங்கூட. ஆனால் விஜயகாந்த் வியாஸ்காந்த் என்னும் யாழ்ப்பாணத்து இளைஞர் 2020இல் அவ்வணியில் இடம்பெற்று, 2024 மேயில் ஐதராபாத் அணிக்காக ஐ.பி.எல். மைதானத்தில் பந்து வீசியதும் மெய்யே. ஊர்ப் பெயரில் அணி ஒன்று இருந்தால், ஊர்ப் பிள்ளை ஒருவனையாவது அதில் சேர்க்க வேண்டும் என்ற கூச்சம் உரிமையாளருக்கு உண்டாகும். கிழக்கின் பெயரில் அந்த ஐந்து பருவங்களிலும் அணி இருந்ததில்லை. மட்டக்களப்பான் எந்த அணிக்குக் கைதட்டுவது என்பதே கேள்வியாயிருக்க, எந்த அணியில் ஆடுவது என்று அவன் எங்ஙனம் கேட்பான்?

கொழும்பிலே அணி வாங்குவோருக்கு நாம் கடிதம் எழுதிப் பயனில்லை. எமது கைக்கு எட்டிய காரியம் ஒன்றுண்டு. சுற்றுப்போட்டி நடத்தும் கழகத்தார்க்கு அதனைச் சொல்கிறோம்.

எட்டு அணிகளை விலகல் முறையில் மோதவிட்டால் ஏழு ஆட்டங்கள். நான்கு அணிகளுக்கு ஒரேயோர் ஆட்டந்தான். அதே எட்டு அணிகளை நான்கு நான்காக இரு பிரிவு செய்து, பிரிவுக்குள் ஒருவரோடொருவர் ஆடவிட்டால் பன்னிரண்டு ஆட்டங்கள். பிரிவின் முதலிடத்தார் இருவரையும் இரண்டாமிடத்தார் இருவரையும் கொண்டு பேஜ் முறையில் நடத்தினால் இன்னும் நான்கு. மொத்தம் பதினாறு. மிகத் தோற்ற அணியும் மூன்று ஆட்டம் ஆடியே ஊர் திரும்பும். பத்து ஓவர் மென்பந்து ஆட்டம் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் செல்லாது. நாளொன்றுக்கு நான்கு ஆட்டம் வைத்தால் இரண்டு வார இறுதிகள் போதும். படுவான்கரை அணிகளுக்குப் பயணச் செலவு கூடுமே என்றால், ஒரு பிரிவின் ஆட்டங்களை அக்கரையிலேயே நடத்தலாம். அங்கே மைதானத்துக்கும் குறைவில்லை. மத்தியஸ்தர்களுக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கும். அப்பணத்தை இறுதி நாளின் ஒலிபெருக்கிச் செலவிலிருந்து குறைத்துக்கொள்ளலாம்.